மஞ்சள் கண் மீனுக்கு ஒரு பெயர்

1

இந்த நாட்டில் மீன் விற்க மீன் மட்டும் போதாது. அதன் ஜெர்மன் பெயர், லத்தீன் பெயர், எந்தக் கடலில் பிடித்தது, வலையிலா தூண்டிலிலா என்று எல்லாவற்றையும் ஒரு சின்ன அட்டையில் எழுதி, மீனின் தலைமாட்டில் குத்திவைக்க வேண்டும். ஊரில் இருக்கும் என் தங்கைக்கு இதைச் சொன்னபோது, "அக்கா, அதுக்குச் சாதகமும் எழுதி வைக்கிறனீங்களோ?" என்று கேட்டாள். நீங்களும் சிரிப்பதென்றால் சிரியுங்கள். போன கோடையில் அந்த அட்டையால் நான் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

டோர்ட்மண்டில் எங்களுக்கு ஒரு கடை இருக்கிறது. அரிசி, மிளகாய்த்தூள், முருங்கைக்காய் எல்லாம் என் கணவர் சிவனேசனின் ஆட்சி. பின்பக்கத்து மீன் மேசை என்னுடையது. புதன்கிழமைகளில் ஹொலண்டிலிருந்து பெட்டிகள் வரும். அவற்றில் பாதிக்கு மேல் ஒரு சிவப்பு மீன். அத்திலாந்திக்கின் மேற்குக் கரையில், சுரினாம் நாட்டுப் பக்கம் பிடிபடுவது. ஜெர்மன்காரர் அதை ஷ்னாப்பர் என்பார்கள். எங்கள் ஆட்கள் சிவப்பு விளை என்பார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வந்தால் சங்கரா என்பார்கள். நான் அட்டையில் லுட்யானுஸ் கம்பெச்சானுஸ் என்று எழுதுவேன். முதன்முதல் வந்த பெட்டியில் அப்படி இருந்தது, அதற்குப் பிறகு நான் வேறு யோசிக்கவில்லை. தேவாரம் மாதிரி அது எனக்கு மனப்பாடம்.

மீன் வாங்குவதில் எங்கள் ஆட்களைச் சுத்தி ஏமாற்ற முடியாது. முதலில் கண்ணைப் பார்ப்பார்கள். பிறகு செவிளைத் தூக்கிப் பார்ப்பார்கள். பிறகு விரலால் வயிற்றை ஒரு அமத்து. கண்ணில் தேறாத மீன் மற்ற இரண்டு சோதனைக்கும் போகாது. என் அம்மா யாழ்ப்பாணத்துச் சின்னக்கடைச் சந்தையில் மீனின் கண்ணைப் பார்த்து முடிக்கும்வரை விற்கிறவருடன் ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்தப் பழக்கம் விமானம் ஏறி எங்களுடன் வந்துவிட்டது.

எங்கள் சிவப்பு மீனுக்குக் கண்ணும் சிவப்பு. ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் கொஞ்ச மீனுக்குக் கண் மஞ்சளாக இருக்கும். மஞ்சள் பூசினது மாதிரி நல்ல மஞ்சள். அதை ஒருவரும் தொடுவதில்லை. என் வாடிக்கையாளர்களில் தலையானவர் மகேஸ்வரி அக்கா. அவர் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, "வதனி, இந்த மீனுக்குச் செங்கமாரி பிடிச்சிருக்கு. கிடந்து பழுதாப் போச்சு" என்று மஞ்சள் காமாலைத் தீர்ப்புச் சொன்னார். நானும் அப்படித்தான் நம்பினேன். அதனால் பெட்டி வந்ததும் மஞ்சள் கண்களைப் பொறுக்கிக் கீழ்த்தட்டில் தனியாக வைப்பேன். அதற்குப் பாதி விலை. புதிதாக வந்து அகதி முகாமில் இருக்கும் பிள்ளைகளும், ஐடி வேலைக்கு வந்து தனியே சமைக்கும் தமிழ்நாட்டுப் பொடியன்களும் வாங்கிப் போவார்கள். நேர்மையான வியாபாரம் செய்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை.

2

ஓகஸ்ட் மாதம், கோவில் திருவிழாக் காலம். வீட்டுக்கு வீடு விரதம். கடையில் மீன் வியாபாரம் படுத்துவிடும். ஆனால் கொடியிறங்கி, கடைசிப் படையலான வைரவர் மடையும் முடிந்த மறுநாள் வந்து பாருங்கள். வாரக்கணக்காக மரக்கறி தின்ற சனம் காலையிலேயே கடை வாசலில் நிற்கும். அந்த ஒரு சனிக்கிழமைக்காக நான் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு மீன் எடுப்பேன். முன்கூட்டியே போனில் சொல்லிவைப்பவர்களும் உண்டு.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய வியாழக்கிழமை உணவுக் கண்காணிப்பு அதிகாரி வந்தார். பெயர் ஹெல்விக். சொல்லாமல் கொள்ளாமல் வருவதுதான் அவர்கள் வேலை. நல்ல மனுசி, ஆனால் சிரிப்புக்கு டெர்மின் போட்டு நாள் குறிக்க வேண்டிய ஆள். குளிரூட்டியின் பாகை பார்த்தார், பனிக்கட்டி பார்த்தார், எல்லாம் சரி. கீழ்த்தட்டைக் கண்டதும் நின்றார்.

"இது ஏன் பாதி விலை?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"அது பழசு" என்றேன்.

என் கணவர் கல்லாவில் இருந்து இருமினார். அந்த இருமலின் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

"எவ்வளவு பழசு?"

"தெரியாது. கண் மஞ்சளாகிவிட்டது பாருங்கள். அதுதான் தனியாக வைத்திருக்கிறேன். நான் ஆட்களை ஏமாற்றுவதில்லை."

"இது எந்தப் பெட்டியில் வந்தது?"

மேல்தட்டில் இருந்த சிவப்புக் கண் மீன்களைக் காட்டி, "அதே பெட்டி. நேற்றுத்தான் வந்தது" என்றேன்.

அவர் என்னையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே பெட்டி, ஒரே நாள். இவை பழசு என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் மற்றவையும் பழசுதானே?"

ஜெர்மனில் பதில் தேடினேன், கிடைக்கவில்லை. தமிழில் தேடினாலும் கிடைத்திருக்காது. அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

மறுநாள் காலை அரசு மிருக வைத்தியர் வந்து பார்க்கும்வரை ஒரு மீனும் விற்கக் கூடாது என்று சொல்லி, பெட்டிகளுக்கெல்லாம் நாடா ஒட்டினார். பழுது என்று வைத்தியர் சொன்னால் மீன் முழுவதும் அழிக்கப்படும், மீன் மேசையை மூட வேண்டி வரும், மேல் நடவடிக்கையும் இருக்கும். போகும்போது, "இந்த அட்டைகளில் உள்ள பெயரும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது" என்று இன்னொரு கல்லையும் தலையில் போட்டுவிட்டுப் போனார்.

3

"ஆர் உம்மைக் கதைக்கச் சொன்னது?" என்றார் என் கணவர். அவர் கோபப்படும் ஆள் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு கொடுத்து ஆறியிருப்பேன்.

"உண்மையைத்தானே சொன்னனான்."

"ஓம். அதுதான் பிரச்சினை."

மீன் போனால் போகட்டும். என் கவலை வேறு. எங்கள் சனத்தின் தொலைபேசி வலை உங்களுக்குத் தெரியும். வதனியின் கடையில் பழுதான மீன் பிடிபட்டதாம் என்ற கதை மத்தியானம் டோர்ட்மண்டில் புறப்பட்டால் பின்னேரம் பாரிஸ், படுக்கப் போகமுன் ரொறன்ரோ. அதற்குப் பிறகு வைத்தியர் வந்து நற்சான்று தந்தாலும் ஒருவரும் நம்பப்போவதில்லை. எங்கள் கடையின் பெயர் அந்த நாடாவுக்குள் மாட்டிக்கொண்டுவிட்டது.

பெயர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். என் கணவர் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது, அவருடைய அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர் என்று பதிந்துவிட்டார்கள். அதனால் அவர் கந்தையா, நான் கந்தையா, மகளும் கந்தையா. இத்தனை வருடமாக டாக்டரிடமும் வங்கியிலும் என்னை "ஃபிராவ் கந்தையா" என்று கூப்பிட்டால் நான் எழுந்து போகிறேன். சுழிபுரத்தை விட்டு எங்கேயும் போகாத என் மாமனாரை நினைத்தால் சிரிப்பு வரும். இங்கே எல்லோரையும் ஒரே பெயரில் அடக்குவது சுலபம். ஜெர்மன்காரர் எங்களுக்குச் செய்ததை நான் மீனுக்குச் செய்திருக்கிறேன் என்று அந்த மத்தியானம் எனக்குத் தோன்றவில்லை. அந்த மத்தியானம் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. மகளுக்குப் போன் எடுத்தேன்.

அபிராமி பான் நகரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறாள். எங்களுடன் ஜெர்மனில் பேசுவாள், நாங்கள் தமிழில் பதில் சொல்வோம். இரண்டு பக்கமும் அது பழகிவிட்டது. சில வருடங்களுக்கு முன் மீன், இறைச்சி, பால், தயிர் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். தயிருமா என்று நான் அழாத குறை. அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு வருவது குறைந்தது. வந்தாலும் மீன் மேசைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அவளிடம் போய் மீனைப் பற்றிக் கேட்பது எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் அதிகாரிகளிடம் பேசத் தெரிந்தவள் வீட்டில் அவள்தான்.

நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். நடுவில் குறுக்கிடவில்லை.

"கண்ணைத் தவிர வேற என்ன வித்தியாசம் அம்மா?" என்று தமிழில் கேட்டாள்.

"வேற ஒண்டும் இல்லை."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

பார்த்தேனா? கண்ணைப் பார்த்தேன், ஒதுக்கினேன். அதற்கு மேல் நான் பார்த்ததில்லை.

"நான் வாறன்" என்றாள்.

4

கடை பூட்டும் நேரத்தில் வந்து சேர்ந்தாள். நாடாவைத் தொடக் கூடாது. நல்லகாலம், எங்கள் சொந்தப் பாவிப்புக்கென்று முதல்நாளே ஒரு சிவப்புக் கண்ணும், வீணாகப் போகக் கூடாதென்று ஒரு மஞ்சள் கண்ணும் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன், விரதம் முடியச் சமைக்க. இரண்டையும் குசினி மேசையில் பழைய பத்திரிகை விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினேன். அபி தள்ளி நின்று போனில் தேடினாள். அவள் மீனைத் தொடமாட்டாள். நான் விரதகாரி, மீனின் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். முருகன் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ.

மேற்கு அத்திலாந்திக்கில் மட்டும் இந்தக் குடும்பத்தில் ஒரு டசினுக்கு மேல் மீன் இருக்கிறதாம். சிலதுக்கு உடம்பில் வரி, சிலதுக்குப் பக்கவாட்டில் கறுப்புப் பொட்டு, சிலதுக்கு நாய்ப்பல். அவள் ஜெர்மனில் வாசிப்பாள், நான் மீனில் தேடுவேன்.

"பக்கத்தில கறுப்புப் பொட்டு இருக்கோ?"

"இல்லை."

"அப்ப நாலைஞ்சு போச்சு. மஞ்சள் கண் உள்ளது ரெண்டு இருக்கு அம்மா. ஒண்டுக்கு நெஞ்சுச் செட்டை தொடங்கிற இடத்தில கறுப்பா இருக்கும். பாருங்கோ."

செட்டையை விரித்துப் பார்த்தேன். சுத்தமான சிவப்பு. விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து மறுபடி பார்த்தேன். கறுப்பு இல்லை.

"அப்ப மற்றது. அதுக்கு உடம்பில மெல்லிசா மஞ்சள் கோடு ஓடும். அலை மாதிரி வளைஞ்சு வளைஞ்சு. நல்லா உத்துப் பாத்தால்தான் தெரியும்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். இருந்தது. செதிலின் மேல் நூல் ஓட்டியது போல மஞ்சள் கோடுகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. சிவப்புக் கண் மீனில் அப்படி ஒன்றும் இல்லை. இத்தனை வருடம் என் கையால் தூக்கி, செதில் உரித்து, துண்டு போட்ட மீன். ஒருநாளும் நான் இதைக் கண்டதில்லை.

"வால் நுனி கொஞ்சம் மங்கலா இருக்கோ?"

"ஓம்."

"கீழ்ச் செட்டை கூரா இருக்கோ, வட்டமா இருக்கோ?"

"கூர்."

அபி போனைக் கீழே வைத்தாள். "லுட்யானுஸ் விவானுஸ். இது வேற மீன் அம்மா. பிறக்கேக்கையே இதுக்குக் கண் மஞ்சள். பழுதாகேல்லை."

என் கணவர் தேநீர்க் கோப்பையுடன் வாசலில் நின்று, "அப்ப மற்றது?" என்று கேட்டார். அதுதான் அடுத்த தலையிடி. கம்பெச்சானுஸ் என்று நான் எழுதிவந்த மீன் சுரினாம் பக்கம் இல்லவே இல்லை, அது மெக்சிக்கோ வளைகுடாப் பக்கம். சுரினாமில் பிடிபடுவது அதன் சகோதரம், புர்புரேயுஸ். ஆக, என் அட்டையில் இருந்த பெயர் மேல்தட்டு மீனுக்கும் பிழை, கீழ்த்தட்டு மீனுக்கும் பிழை. மனப்பாடம் செய்த தேவாரம் வேறு கோவிலுடையது.

5

வெள்ளிக்கிழமை காலை ஹெல்விக்கும் மிருக வைத்தியரும் வந்தார்கள். வைத்தியர் குட்டையான, வேகமாகப் பேசும் பெண். நாடாவை வெட்டி, இரண்டு தட்டு மீனையும் கையில் எடுத்தார். அவர் செய்ததைப் பார்த்து நான் அசந்துபோனேன். கண்ணைப் பார்த்தார். செவிளைத் தூக்கினார். விரலால் வயிற்றை ஒரு அமத்து. அப்படியே சின்னக்கடைச் சந்தை. முகர்ந்து பார்த்தது மட்டும்தான் மேலதிகம்.

"இவை புத்தம் புதிய மீன்கள்" என்றார். "யார் பழசு என்று சொன்னது?"

ஹெல்விக் என்னைப் பார்த்தார். நான் அபியைப் பார்த்தேன். நீங்களே சொல்லுங்கோ என்று அவள் முகம் சொன்னது.

நான் சொன்னேன். என் ஜெர்மனில், ஆண்பால் பெண்பால் எல்லாம் குழம்பிய என் ஜெர்மனில். எங்கள் கடலில் கண் மஞ்சளானால் மீன் கெட்டுப்போனது என்று நாங்கள் ஒதுக்கிவிடுவோம். இந்த மீன் அப்படி இல்லை, இதற்கு இயற்கையிலேயே மஞ்சள் கண். இதோ கோடு, இதோ செட்டை, இங்கே கறுப்பு இல்லை. ஒவ்வொன்றையும் விரல் வைத்துக் காட்டினேன். சிவப்புக் கண்ணின் அட்டையும் பிழை, அது புர்புரேயுஸ் என்றேன். வைத்தியர் மஞ்சள் கண் மீனின் வாயைத் திறந்து, விரலை மேலண்ணத்தில் வைத்துத் தடவி, "பல் வரிசை நங்கூர வடிவில் இருக்கிறது. சரியாகத்தான் சொல்கிறீர்கள்" என்றார்.

"புர்புரேயுஸும் கம்பெச்சானுஸும் இரண்டு மீனா ஒரே மீனா என்று படித்தவர்களே இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். ஆனாலும் அட்டையை மாற்றி எழுதுங்கள்" என்றும் வைத்தியர் சொன்னார்.

"உங்கள் நாட்டில் இந்த மஞ்சள் கண் மீன் இல்லையா?" என்று ஹெல்விக் கேட்டார்.

எனக்கு முன் வைத்தியர் சொன்னார். "இது அத்திலாந்திக்கின் அந்தக் கரையில் மட்டும்தான் உண்டு. இந்து சமுத்திரத்தில் கிடையாது. இவர்கள் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை."

அட்டைகளுக்கு ஒரு எச்சரிக்கை தந்தார்கள். அது நியாயம்தான். நாடா முழுவதையும் கழற்றினார்கள். போகும்போது ஹெல்விக் ஒரு மஞ்சள் கண் மீனைச் சுற்றித் தரச் சொன்னார். வேலை நேரத்தில் வாங்கக் கூடாது என்று உடனே ஞாபகம் வந்து, நாளைக்கு வருகிறேன் என்றார். அப்போதுதான் முதல்முறை சிரித்தார்.

அன்று வைரவர் மடைக்கு மூன்று பேரும் போனோம். அபியும் வந்தாள். வடைமாலையில் இருந்து ஒரு வடையைப் பிய்த்து, இதில் பால் இல்லைத்தானே என்று கேட்டுவிட்டுத் தின்றாள். எனக்குச் சந்தோசமாக இருந்தது. வேறு என்ன சொல்ல.

6

சனிக்கிழமை வந்த சனத்தைப் பார்த்து என் கணவருக்கு முழங்கால் வலி மறந்துபோனது. புது அட்டை, புது லத்தீன். மஞ்சள் கண்ணை மேல்தட்டுக்கு ஏற்றி, மற்றதற்குச் சமமான விலை போட்டிருந்தேன். முதல் முறைப்பாடு சென்னைக் கார்த்திக்கிடமிருந்து வந்தது. ஐடி வேலை, மூன்று நண்பர்களுடன் ஒரே வீடு, கிழமை தவறாமல் மஞ்சள் கண் வாங்குகிறவர்.

"என்ன ஆன்ட்டி, சங்கரா ரேட்டு ஏறிப்போச்சு?"

"இது நல்ல மீன் தம்பி. பழசில்லை."

"அது எங்களுக்கு முதல்லேர்ந்தே தெரியும் ஆன்ட்டி. சிவப்புக் கண்ணைவிட இதுதான் டேஸ்ட்டு. நீங்களா கம்மி விலைக்குக் குடுக்குறீங்க, நாங்க எதுக்கு வாயைத் திறக்கணும்?"

அடப் பாவி. பின்னால் நின்ற அபி வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்கு அவள் கையுறை போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நின்று, பைகளைக் கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் வந்து நின்றாள்.

ஆனால் எங்கள் ஆட்கள் மஞ்சள் கண்ணைத் தொடவில்லை. நான் தொண்டை வற்ற விளக்கம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சிவப்புக் கண்ணையே வாங்கினார்கள். மகேஸ்வரி அக்கா வந்தார். அவர் வாங்கினால் மற்றவர்களும் வாங்குவார்கள், வாங்காவிட்டால் அந்த மீன் எனக்கு மறுபடி கீழ்த்தட்டுத்தான். மஞ்சள் கண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செவிளைத் தூக்கினார். வயிற்றை அமத்தினார். திருப்தி என்றுதான் முகம் சொன்னது. ஆனாலும் கை பையை நீட்டவில்லை.

"எல்லாம் சரி வதனி. இதுக்குப் பேர் என்ன?"

"லுட்யானுஸ் விவானுஸ், அக்கா."

"அது டொச்சுக்காரனுக்கு. தமிழில என்ன பேர்?"

எங்கள் கடலில் இல்லாத மீனுக்கு எங்கள் மொழியில் பெயர் எங்கே இருக்கும்? அதைச் சொன்னால் அக்கா மீனை வைத்துவிட்டுப் போய்விடுவார். பேர் இல்லாத ஒன்றை எங்கள் ஆட்கள் சட்டியில் போடமாட்டார்கள்.

"மஞ்சக்கண்ணி" என்றாள் அபி, பையைக் கட்டிக்கொண்டே, நிமிர்ந்தும் பாராமல்.

அந்தச் சொல் எந்தப் போனிலும் இல்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அழுதுகொண்டு போன பிள்ளை, வீட்டில் ஜெர்மனில் பேசுகிற பிள்ளை, மீன் தின்னாத பிள்ளை, தன் பாட்டில் ஒரு மீனுக்குத் தமிழில் பெயர் வைத்துவிட்டாள்.

"மஞ்சக்கண்ணியோ?" என்றார் மகேஸ்வரி அக்கா. "அப்பிடிச் சொல்லன் பிள்ளை முதலிலயே. ரெண்டு போடு."

மத்தியானத்துக்குள் மஞ்சள் கண் முடிந்துவிட்டது. ஹெல்விக் வந்தபோது ஒன்றும் மிச்சமில்லை. அவருக்கு அடுத்த கிழமைக்கு எடுத்துவைப்பதாகச் சொன்னேன்.

அடுத்த புதன்கிழமை பெட்டி வந்து இறங்கும் நேரத்தில் மகேஸ்வரி அக்கா போனில் வந்தார்.

"வதனி, மஞ்சக்கண்ணி வந்திட்டுதோ?"

"வந்திட்டுது அக்கா."

"மூண்டு எடுத்து வை. மருமகளுக்கும் நல்லாப் பிடிச்சுப்போச்சு. ஊரில எங்கட அப்பா இந்த மீன் எண்டால் விடமாட்டார். பாசையூர்க் கரையில விடியவே போய் மஞ்சக்கண்ணி வாங்கிக்கொண்டு வருவார். அம்மா பழப்புளி விட்டு வைச்சாவெண்டால் தெரு முழுக்க வாசம். அந்த ருசி இஞ்ச வராது. எண்டாலும் கிட்டத்தட்ட அதே ருசிதான், என்ன?"

நான் பெட்டியைப் பார்த்தேன். பனிக்கட்டிக்குள் இருந்து மஞ்சள் கண்கள் என்னைப் பார்த்தன. பெட்டியின் பக்கத்தில் சுரினாம் என்று பெரிய எழுத்தில் இருந்தது.

"ஓம் அக்கா" என்றேன். "எங்கட ஊர் மீன்தானே. எடுத்து வைக்கிறன்."